எழுநூற்று எண்பது கிலோமீற்றர்

ஒக்டோபர் 2, திங்கள்

பாஸ்போர்ட் வந்துவிட்டது! சிவப்பு நிறம், மேலே வெள்ளைச் சிலுவை. தபால்காரரிடம் கையெழுத்துப் போடும்போது அவசரத்தில் கோழி கிளறிய மாதிரி வந்தது. அவர் அதையும் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டார். நல்ல மனிதர்.

படிக்கட்டிலேயே நின்று பிரித்துப் பார்த்தேன். என் படம், குகதாசன் என்ற என் பெயர், அப்பாவின் பெயர், பிறந்த திகதி, எல்லாம் என்னுடையவை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். இருபது வயதில் வந்தவனுக்கு இப்போதுதான் எல்லை தாண்டிப் போய்வர ஒரு புத்தகம் தந்திருக்கிறார்கள்.

இந்தக் கொப்பியைப் போன டிசம்பரில் நத்தார்ப் பரிசாக வேலையிடத்தில் தந்தார்கள். சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் கொப்பி பத்து மாதம் அலுமாரியில் கிடந்தது. இன்று தெரிந்துவிட்டது.

என் தங்கை நிரோஜினிக்கு இந்த மாதம் 29ஆம் திகதி லண்டனில் கலியாணம். அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் முறைப்படி பெண்ணின் சகோதரன்தான் தோழன். தோழன் போய்க் கூப்பிட்டால்தான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து இறங்குவார். மண்டப வாசலில் தோழன் மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும், மாப்பிள்ளை தோழனுக்கு மோதிரம் போட வேண்டும்.

நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது நிரோவுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு நேரில் பார்க்கவில்லை. அவள் படிப்பதற்காக லண்டனுக்கு வந்தே மூன்று வருடமாகிறது. என்னிடம் இருந்த அகதிப் பத்திரத்துக்கு லண்டன் விசா இரண்டு தடவை மறுத்தார்கள். அவளுடைய மாணவர் விசாவுக்கு இங்கே வர விடவில்லை.

சூரிச்சிலிருந்து லண்டனுக்கு 780 கிலோமீற்றர். கணினியில் இரண்டு இடத்தில் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

ஒக்டோபர் 3, செவ்வாய்

ரிக்கற் எடுத்தாயிற்று. 29ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாளின் முதல் விமானம். சூரிச்சில் 7.05க்குக் கிளம்பி லண்டனில் 7.50க்கு இறங்கும்.

நாற்பத்தைந்து நிமிடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போக ட்ராமும் பஸ்ஸும் மாறி எனக்கு ஐம்பது நிமிடம் எடுக்கும். என் வேலையிடத்தைவிட என் தங்கை கிட்டத்தில் இருக்கிறாள். சமையலறையில் எல்லோரிடமும் சொன்னேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திருத்த வந்தவரிடமும் சொன்னேன்.

பெர்னாண்டா சிரித்தாள். என்னோடு வேலை செய்யும் போர்த்துக்கல்காரி. வருடத்துக்கு மூன்று தடவை ஊருக்குப் பறப்பவள். லண்டன் மணிக்கூடு எங்களுடையதைவிட ஒரு மணித்தியாலம் பின்னால் ஓடுகிறதாம். ரிக்கற்றில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்களாம். உண்மையில் ஒன்றேமுக்கால் மணித்தியாலப் பயணம்.

மூஞ்சி கொஞ்சம் தொங்கித்தான் போனது. ஆனால் ஒன்றேமுக்காலும் ஒரு நேரமா? கொழும்பிலிருந்து இங்கே வர எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

சனிக்கிழமையே போய்விடத்தான் ஆசை. ஆனால் 28ஆம் திகதி இல்லத்தில் இலையுதிர்கால விருந்து, நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. அன்றைக்கு யாருக்கும் லீவு இல்லை என்று ஹூபர் அம்மா ஓகஸ்டிலேயே எழுதி ஒட்டிவிட்டார். சமையலறைக்கு அவர்தான் பொறுப்பு. பரவாயில்லை. முகூர்த்தம் 11.10இலிருந்து 12.02 வரை. 7.50க்கு இறங்கினால் ஒன்பதேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிற்பேன். கொப்பியின் பின் அட்டையில் கணக்குப் போட்டுப் பெட்டியும் கட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 5, வியாழன்

கரட், லீக்ஸ், மாட்டிறைச்சி. இன்னும் இருபத்துநான்கு நாள்.

ஒக்டோபர் 8, ஞாயிறு

விமான நிலையத்துக்குப் போனேன். பறக்க அல்ல, பார்க்க. மேல்மாடியில் ஒரு பார்வைத் தளம் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வந்து விமானம் பார்க்கிறார்கள். லண்டன் விமானம் ஒன்று ஓடிப் போய் எழும்பியது. என்னை அறியாமல் கையை ஆட்டிவிட்டேன்.

யோகனும் வந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரன், நான் வந்த அதே வருடம் வந்தவன். எனக்கு ஆறு வருடத்துக்கு முதலே பாஸ்போர்ட் எடுத்தவன். அந்த வாய்க்கொழுப்பு இன்னும் போகவில்லை.

"என்ன மச்சான், பிளேனுக்கு ராற்றா காட்டுறாய்? அது உன்னைப் பார்த்துத் திருப்பி ஆட்டினதோ?"

"ஓம், செட்டையை ஆட்டினது."

"அது எல்லாருக்கும் ஆட்டும்."

கீழே இறங்கிப் போய்ப் பாஸ்போர்ட் பார்க்கும் இடத்தைத் தூர நின்று பார்த்தேன். கண்ணாடிக் கூண்டுகள். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை விநாடி எடுக்கிறது என்று எண்ணினேன். நேரக் கணக்குக்காகத்தான். "ஏன் உனக்கு வேர்க்குது?" என்று யோகன் கேட்டான். உள்ளே சூடாக்கியை அதிகமாகப் போட்டிருந்தார்கள்.

இதற்கு முதல் ஒரே ஒரு தடவைதான் விமானம் ஏறியிருக்கிறேன். கொழும்பிலிருந்து வெளிக்கிட்டபோது. அந்தப் பாஸ்போர்ட்டில் என் பெயர் பெனடிக்ற். காசு வாங்கி என்னை அனுப்பிய ஏஜென்சிக்காரன் இரண்டே இரண்டு சொன்னான். வாயைத் திறக்காதே. உன் சொந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே. அந்தக் கதை இப்போது எதற்கு? இது வேறு பயணம்.

ஒக்டோபர் 12, வியாழன்

கால் கழுவப் பழகினேன். யோகன்தான் மாப்பிள்ளை. கதிரையில் ஏறி இருந்துகொண்டு காலை நீட்டினான். ஒரு செம்பு தண்ணீர் போதும் என்று பார்த்தால் அவன் காலுக்கு ஒரு வாளி வேண்டும். தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வழியாக ஒழுகி, அந்த வீட்டு அம்மா மேலே வந்து கதவைத் தட்டினார். இரண்டு ஆண்கள், ஒருவர் தலைப்பாகையோடு தரையில், மற்றவர் கதிரையில் ஈரக்காலோடு. விளக்கம் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. கடைசியில் அவரும் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, தலைப்பாகை எனக்கு வடிவாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையாகவே வடிவாகத்தான் இருந்தது. வழுக்கை தெரியவில்லை.

ஒக்டோபர் 15, ஞாயிறு

நிரோ வீடியோவில் வந்தாள். நான் வழக்கம்போல் தொப்பி போட்டுக்கொண்டேன். கூறைச்சேலையைக் காட்டினாள். தாலிக்கொடி இன்னும் நகைக்கடையிலிருந்து வரவில்லையாம். மாப்பிள்ளை பிரதீபன் எட்டிப் பார்த்து "அண்ணா, என்ரை காலைக் கனக்கத் தேய்க்காதேங்கோ, கிச்சு வரும்" என்றார். நல்ல பெடியன். யோகன் கதையைச் சொன்னேன். நிரோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு கேட்டாள்: "அண்ணா, நீங்கள் வெளிக்கிடேக்கை எனக்கு ஒண்டு சொன்னனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

"இல்லையே. என்ன?"

"சும்மா கேட்டனான்."

ஞாபகம் இருக்கிறது. எழுத மாட்டேன்.

ஒக்டோபர் 19, வியாழன்

விமானக் கொம்பனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. 29ஆம் திகதி ஞாயிறு அதிகாலையில் குளிர்காலத்துக்காக மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் பின்னால் வைக்கப்படும், பயணிகள் கவனிக்கவும் என்று. நல்லது, ஒரு மணித்தியாலம் கூடுதலாக நித்திரை கொள்ளலாம் என்று சந்தோசப்பட்டேன்.

பின்னேரம் கரட் சீவிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

முகூர்த்தத்தைக் குறித்தது லண்டன் ஐயர். குறித்தது யூலை மாதம். யூலையில் மணிக்கூடு கோடை நேரத்தில் ஓடியது. முகூர்த்தம் என்பது சூரியனை வைத்துப் போடும் கணக்கு. சூரியன் மணிக்கூட்டைப் பார்த்து உதிப்பதில்லை. கோடை மணிக்கூட்டில் 11.10 என்பது, ஒரு மணித்தியாலம் பின்னால் வைத்த மணிக்கூட்டில் 10.10. ஐயர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், நல்ல நேரம் 10.10க்குத் தொடங்கி 11.02க்கு முடிந்துவிடும். கார்ட்டில் அடித்த 11.10க்குத் தாலி கட்டினால் முகூர்த்தம் போய்விட்டிருக்கும்.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பெர்னாண்டாவின் கைபேசியில் அன்றைய லண்டன் சூரிய உதயத்தையும் பார்த்தேன். சரிதான்.

எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்படியென்றால் தோழன் எட்டேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். என் விமானம் இறங்குவது 7.50க்கு. வெளியே வரவே எட்டரை. அங்கிருந்து காரில் முக்கால் மணித்தியாலம்.

இந்தக் கொப்பியில் இவ்வளவு நேரமும் கணக்குப் போட்டு நான் கண்டுபிடித்தது இதைத்தான்.

ஒக்டோபர் 20, வெள்ளி

உருளைக்கிழங்கு நாற்பது கிலோ. வேறொன்றும் இல்லை.

யாரும் இதைக் கவனிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். லண்டனில் எத்தனையோ கலியாணங்கள் நடந்திருக்கும்.

ஒக்டோபர் 21, சனி

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியும், கொப்பிக்கும் தெரியட்டும். சொல்லாமல் விட்டால் நான் தோழன். சொன்னால் என் விமானம் பிந்திவிடும். என் தங்கையின் நல்ல நேரத்தை விற்று எனக்கு ஒரு மோதிரம் வாங்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

காலையில் ஐயருக்குப் போன் எடுத்தேன். முதலில் சிரித்தார். "தம்பி, முப்பது வரியமாய் நாள் வைக்கிறன்" என்றார். நான் திகதியைச் சொன்னேன். பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தடவை புரட்டினார்.

"ஐயா?"

"நீர் எங்கை வேலை செய்யிறீர்?"

"கிழடுகள் இருக்கிற இல்லத்திலை, குசினியிலை."

"ம். நான் கோடை நேரத்திலைதான் போட்டிட்டன். பத்துப் பத்து எண்டு மாத்தச் சொல்லும்."

அடுத்தது மாப்பிள்ளையின் தகப்பன், பரராசா மாமா. லண்டனில் முப்பத்தைந்து வருடமாக இருப்பவர். கொஞ்சம் உரத்துக் கதைக்கிறவர். இன்று நன்றாகவே உரத்துக் கதைத்தார்.

"முன்னூற்றைம்பது கார்ட் குடுத்தாச்சு தம்பி! வீடு வீடாய்ப் போய்க் குடுத்தனான். இனி ஒவ்வொருத்தருக்கும் எடுத்து, ஐயருக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது எண்டு சொல்லச் சொல்லுறீரோ?"

"மாமா, ஐயரும் ஒத்துக்கொண்டிட்டார்."

"கார்ட்டிலை அடிச்சது அடிச்சதுதான்!"

வைத்துவிட்டார். பத்து நிமிடத்தில் அவரே எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. "நேரம் பிழைச்சுக் கட்டி, நாளைக்கு அதுகளுக்கு ஒண்டெண்டால் என்ரை மனம்தான் என்னைத் தின்னும். மாத்துவம். சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பதினொண்டு பத்து எண்டு அடிச்சால் எங்கடை ஆக்கள் பன்ரெண்டுக்குத்தானே வருவினம். சாப்பாட்டுக்குச் சரியாய் வந்து சேருவினம்."

அதில் மட்டும் அவரோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன்.

ஒக்டோபர் 22, ஞாயிறு

பரராசா மாமா திரும்பவும் எடுத்தார். என் விமான நேரத்தைக் கேட்டார். சொன்னேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

"அப்ப நீர் நேரே மண்டபத்துக்கு வாரும். தோழனுக்கு உங்கடை சித்தியின்ரை மகன் கஜன் நிக்கட்டும். அவனும் நிரோவுக்குத் தம்பி முறைதானே. ஒரு குறையும் இல்லை."

"ஓம் மாமா" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் சொல்வதில் பிழை இல்லை. கஜன் நல்ல பிள்ளை. லண்டனில் பிறந்தவன். தலைமயிரும் நிறைய இருக்கிறது.

மத்தியானம் சாப்பிடவில்லை.

நான்கு மணிக்கு நிரோ எடுத்தாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனால் பேசியது கோபத்தில்.

"நீங்கள் ஓம் எண்டனீங்களாம்?"

"நேரம் காணாது பிள்ளை. கஜன்..."

"கஜன் வேண்டாம். எனக்கு முன்னூற்றைம்பது பேரும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். பக்கத்திலை நிக்க என்ரை ஆளெண்டு ஒருத்தர் வேணும். நீங்கள் எப்பிடி வருவியளோ தெரியாது, வாங்கோ."

"சனிக்கிழமை வேலை..."

"அண்ணா, எல்லாருக்கும் மணிக்கூடு பார்த்துச் சொன்னனீங்கள். உங்களுக்கு ஒருக்காப் பாருங்கோ."

வைத்துவிட்டாள். ஆறு வயதிலும் இவள் இப்படித்தான்.

ஒக்டோபர் 23, திங்கள்

ஹூபர் அம்மாவின் அறைக்கதவைத் தட்டினேன். பதின்மூன்று வருடத்தில் இரண்டாவது தடவை. முதல் தடவை விரலை வெட்டிக்கொண்டபோது.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போக விடும்படி கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். விட்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்றார். நான் தோழனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து கூப்பிடுவது, கால் கழுவுவது, மோதிரம் எல்லாம். பிறகு மணிக்கூட்டுக் கதை. அந்த இடத்தில் அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

முகூர்த்தம் பிழை என்று நான்தான் கண்டுபிடித்தேனா என்று கேட்டார். ஆம் என்றேன். சொல்லாமல் இருந்திருந்தால் என் பயணத்தில் எந்தச் சிக்கலும் இருந்திருக்காதே என்றார். ஆம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுவிஸ்காரருக்கு மணிக்கூட்டு விஷயம் விளங்காமல் போகுமா?

இனிப்பு மேசைக்குப் போனதும் நீ போகலாம், ஆனால் காலை ஐந்து மணிக்கு உருளைக்கிழங்கு சீவத் தொடங்க வேண்டும், மத்தியானத்துக்குப் பிறகு உன் இடத்துக்கு நீயே ஆள் பிடிக்க வேண்டும் என்றார். பெர்னாண்டா அவர் முடிக்கும் முன்பே கதவுக்கு வெளியே நின்று கையை உயர்த்தினாள். நத்தார் இரண்டு நாளும் அவளுடைய வேலையையும் நான் செய்ய வேண்டுமாம். மூன்று நாளும் செய்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 24, செவ்வாய்

மாற்றியாயிற்று! 28ஆம் திகதி சனிக்கிழமை, 18.05க்குக் கிளம்பி 18.50க்கு இறங்கும். கடைசி வரிசை, நடு இருக்கை. இருந்தது அது ஒன்றுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாலும் உட்கார்ந்திருப்பேன்.

பரராசா மாமாவுக்குச் சொன்னேன். "அப்பிடியெண்டால் விடியக் கெதியாய் வாரும். என்ரை பெடியனுக்கு வெளிக்கிட நேரமெடுக்கும்" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

ஒக்டோபர் 26, வியாழன்

ஒரு கோப்பில் பதினான்கு பத்திரங்கள்: வேலைக் கடிதம், வீட்டு ஒப்பந்தம், பழைய அகதிப் பத்திரம், அம்மா அப்பாவின் மரணச் சான்றிதழ்கள், கலியாணக் கார்ட். லண்டனில் கேட்டால் காட்ட. கண்ணாடிக்கு முன் நின்று என் பெயரைச் சொல்லிப் பழகினேன். உச்சரிப்புக்காக.

ஒக்டோபர் 27, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன்.

நான் வெளிக்கிட்ட அன்று காலையில் நிரோ என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் இடுப்புப் பட்டி உயரம்தான் இருப்பாள். "அண்ணா, எவ்வளவு தூரம் போறீங்கள்?" என்று கேட்டாள். எனக்கே தெரியாது. "பக்கத்திலைதான்" என்றேன். வாரை விட்டுவிட்டாள்.

அவ்வளவுதான். நாளைக்கு ஐந்து மணிக்கு உருளைக்கிழங்கு.

ஒக்டோபர் 28, சனி

விமானத்தில் இருந்து எழுதுகிறேன். விமானத்தில் இருந்து! கொப்பி முழங்காலில், முழங்கை பக்கத்து ஆளின் விலாவில். முன்னும் பின்னுமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனிப்பு 13.40க்கு மேசைக்குப் போனது. ஹூபர் அம்மா வாசல்வரை வந்து ஒரு பெட்டி சொக்லேற் தந்தார், மணப்பெண்ணுக்கு. யோகன் காரில் கொண்டுவந்து விட்டான். வழி முழுக்கப் பகிடி விட்டவன் நான் இறங்கும்போது கட்டிப்பிடித்தான்.

நான்கு மணிக்கெல்லாம் கண்ணாடிக் கூண்டையும் தாண்டி, வாசல் இலக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒலிபெருக்கியில் ஒரு பயணியைக் கூப்பிட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். பாவம் யாரோ, என்று நினைத்தேன். மூன்றாம் தடவை "குகதாசன், கடைசி அழைப்பு" என்று வந்தது. பக்கத்தில் இருந்த கிழவர் என் கையிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டு, அது நீங்கள் இல்லையா என்று கேட்டார்.

ஒலிபெருக்கி தெளிவில்லை. அதுதான் காரணம்.

இல்லை, அது தெளிவாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் என் கழுத்து திரும்பவில்லை. கூப்பிட்டது வேறொன்றுக்குமில்லை, விமானத்துக்கான வாசலை மாற்றியிருக்கிறார்கள். எல்லோரும் ஏறி முடிந்து நான் ஒருவன்தான் பாக்கி. ஓடினேன். வேட்டிப் பை ஒரு பக்கம், கோப்பு ஒரு பக்கம். வாசலில் நின்ற பெண் மூச்சு வாங்கும் என்னைப் பார்த்து, குகதாசனா என்று கேட்டாள். "ஓம், நான்தான்! நான்தான்!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

விமானம் எழும்பியது. பிறகு ஜன்னல்காரர் நகர்ந்து வழிவிட, கீழே சூரிச் ஏரி. இப்போது பிரான்ஸ் மேல் பறக்கிறோம். ஒரு கோப்பித் தண்ணீரும் ஒரு பிஸ்கற்றும் தந்தார்கள். பிஸ்கற்றை நிரோவுக்கு வைத்திருக்கிறேன். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் வைத்துவிட்டேன், இப்போதிலிருந்து லண்டன் நேரம். இறங்கப் போகிறோம் என்று சொல்கிறார்கள். அதற்குள்ளா?

*இரவு எட்டரை, சித்தி வீடு.*

லண்டனில் கண்ணாடிக் கூண்டே இல்லை! ஒரு இயந்திரம். பாஸ்போர்ட்டை அதன்மேல் வை என்று படம் போட்டிருந்தது. வைத்தேன். என் முகத்தைப் பார்த்தது. கதவு திறந்துவிட்டது.

அவ்வளவுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பதினான்கு பத்திரத்தோடு அந்தப் பக்கம் போய் நின்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அங்கே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், என் தங்கைக்கு நாளைக்குக் கலியாணம், நான் அவளுடைய அண்ணன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அவள் சிரித்து வாழ்த்துச் சொன்னாள்.

கலியாணப்பெண் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பதால் கஜன்தான் காரோடு வந்தான். சித்தி வீட்டுக் கதவை நிரோ திறந்தாள். கை முழுக்க மருதாணி, அதனால் கட்டிப்பிடிக்க முடியாமல் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு என் நெஞ்சில் நெற்றியை மட்டும் வைத்தாள். இடுப்புப் பட்டியில் நின்றவள் இப்போது தாடை உயரம். தொப்பி விழுந்துவிட்டது. வழுக்கையைப் பார்த்துவிட்டு, கண்ணீரோடு சிரித்தாள்.

"பக்கத்திலைதான் எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள்."

பிஸ்கற்றை எடுத்துக் கொடுத்தேன். மருதாணிக் கை என்பதால் நான்தான் ஊட்டிவிட்டேன்.

ஒக்டோபர் 29, ஞாயிறு

எட்டேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றேன். கஜனின் கார் மணிக்கூட்டில் எட்டு பத்துக்கே நின்றேன். பிரதீபனுக்கு உண்மையிலேயே வெளிக்கிட நேரமெடுக்கிறது. பரராசா மாமா என்னை மேலும் கீழும் பார்த்து, "தலைப்பாகை வடிவாய் இருக்கு" என்றார்.

மண்டப வாசலில் கால் கழுவினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகவில்லை. யோகனின் காலில் பழகியவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? பிரதீபன் கிச்சுத் தாங்காமல் நெளிந்தபடியே மோதிரத்தைப் போட்டுவிட்டார். விரலில் வெங்காயம் வெட்டிய தழும்பைத் தாண்டி, கொஞ்சம் இறுக்கமாகத்தான் இறங்கியது.

முன்னூற்றைம்பது கதிரையில் இருபத்தேழு பேர். நாதஸ்வரக்காரரும் வந்துவிட்டார். ஐயர் என்னைக் கண்டதும் பார்வையை ஓமத்துக்குத் திருப்பிக்கொண்டார். பிறகு மெல்ல, "தம்பி, நேரம் சரியோ?" என்று கேட்டார். மேளம் உச்சத்துக்குப் போனது. கையைத் திருப்பிப் பார்த்தேன்.

என் மணிக்கூட்டில் சரியாகப் பதினொன்று பத்து.

ஒரு நொடி உயிர் போய்விட்டது. பிறகுதான் விளங்கியது. நேற்று லண்டனுக்காக ஒரு மணித்தியாலம் பின்னால் வைத்தேன். இரவு குளிர்காலத்துக்காக இன்னொரு மணித்தியாலம் வைக்க மறந்துவிட்டேன். மண்டபத்துச் சுவரில் பத்துப் பத்து. கார்ட்டில் அடித்த நேரம் என் கையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி ஐயா, கட்டுங்கோ" என்றேன். தாலி ஏறியது. நிரோ நிமிர்ந்து முதலில் பார்த்தது என்னைத்தான். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். வீடியோவில் இருக்கிறது, எழுதி என்ன பயன்?

பதினொன்றரையிலிருந்து சனம் வரத் தொடங்கியது. தாலி கட்டி முடிந்ததா என்று வந்த ஒவ்வொருவரும் வாயைப் பிளக்க, பரராசா மாமா வாசலில் நின்று என் தோளில் கையைப் போட்டு ஒவ்வொருவருக்கும் கதையைச் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் கதை வளர்ந்துவிட்டது. சுவிஸில் மணிக்கூட்டுக் கொம்பனியில் நான் பெரிய ஆளாம். திருத்தப் போனேன், விடவில்லை.

ஒக்டோபர் 30, திங்கள்

திரும்பும் விமானம். வாசலில் என் பெயரைக் கூப்பிட்டார்கள், ஜன்னல் பக்கம் இடம் இருக்கிறது, வேண்டுமா என்று கேட்க. முதல் தடவையிலேயே திரும்பினேன்.

மணிக்கூட்டை மாற்றவில்லை. சூரிச்சுக்கு அது இப்போது சரி.

780 கிலோமீற்றர். ஒன்றேமுக்கால் மணித்தியாலம். பக்கத்தில்தான்.